பால் பொங்கிய வீடு

ஆடி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை, ராஜபாளையத்தில் காளிராஜ் வீட்டுக் கிரைண்டர் யாரும் தூக்காமலே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது. காலையில் அவன் மனைவி அனுசியா அதில் மாவரைத்துக் கல்லைக் கழுவி வைத்திருந்தாள். மதியம் பார்த்தபோது அந்த இடத்தில் தரை மட்டும் வட்டமாக ஈரமாயிருந்தது. அதே வேளையில், பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில், காளிராஜின் அக்கா மாரிச்செல்வி வீட்டில் பால்கோவா அடுப்புக்கு எதிர்ச்சுவரோரம் அது தண்ணீர் வடிய நின்றது. வயரைக்கூட யாரோ பதவிசாகச் சுற்றி வைத்திருந்தார்கள். கிரைண்டரை டவுன் பஸ்ஸில் ஏற்றினால் லக்கேஜுக்குத் தனி டிக்கெட் கிழிப்பார்கள். அப்படி ஒரு டிக்கெட் அன்று எந்தப் பஸ்ஸிலும் கிழிக்கப்படவில்லை என்பதை அனுசியாவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அவள் சுபாவம் அது. நம்புவதற்கு முன்னால் விசாரிப்பாள், விசாரித்த பிறகும் நம்ப மாட்டாள்.

அவளைக் குறை சொல்லவும் வழியில்லை. கல்யாணமான புதிதில் காளிராஜுக்கு குஜராத்தில் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. முன்னால் போய் வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, அவளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனான். இரண்டு வருஷம் அவன் வீடு பார்த்தான். வீடு கிடைப்பதற்குள் வேலை போய்விட்டது, ஆள் ஊர் திரும்பினான். அந்த இரண்டு வருஷமும் அனுசியா நாத்தனார் அடுப்படியில் பால் கிண்டினாள். கல்யாணத்துக்கு முன்பு ராஜபாளையத்து மில் ஒன்றில் நூல் டெஸ்டிங் லேபில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் அதற்காக விட்டிருந்தாள். உள்ளங்கையில் விழுந்த கரண்டிக் காய்ப்பு பிறகு மறைந்துவிட்டது. இந்த மனிதர் என்னை எங்கேயாவது விட்டுவிட்டுப் போய்விடுவார் என்கிற எண்ணம் மட்டும் மறையவில்லை. ஆகவே இந்த வருஷம் லூதியானாவில் ஒரு பெரிய மில்லில் காளிராஜுக்கு மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் வேலையும் குடியிருக்கக் குவார்ட்டர்ஸும் கிடைத்தது என்று தெரிந்ததும், அவள் இனிப்பு வாங்கவில்லை. “ஒரே ரயிலு, பக்கத்துப் பக்கத்து சீட்டு. இல்லன்னா நீங்களும் போவக்கூடாது” என்றாள்.

அதன் பிறகு திட்டம் போட ஆரம்பித்தார்கள். இந்தியாவின் தெற்கு மூலையிலிருந்து வடக்கு மூலைக்கு ஒரு குடும்பத்தை நகர்த்துவது லேசுப்பட்ட காரியமில்லை. அங்கே இட்லிக்கு அரைக்க நல்ல கிரைண்டர் கிடைக்காது, இதை எடுத்துப் போக வேண்டும். அங்கே குளிர் எலும்பைப் பிடிக்கும், ஃபேன்களை விற்றுவிடலாம். இல்லை, கோடையில் நம்மூரைவிட மோசமாகக் காயும், ஃபேன்களும் வேண்டும். சாமான்களை ஏற்ற ராஜபாளையத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் அப்துல் ரவூப் ஒத்துக்கொண்டார். காளிராஜோடு முன்பு வேலை பார்த்து இப்போது லூதியானா மில்லில் இருக்கும் நாகர்கோவில்காரன் இம்மானுவேல், குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். எல்லாம் கூடி வந்த நேரத்தில் மில்காரர்கள் வேலையில் சேர வேண்டிய தேதியைச் சொன்னார்கள். அது ஆடிக்கு நடுவில் வந்து நின்றது. ஆடியில் புதுவீட்டுக்குக் குடிபோகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் எவருக்கும் இல்லை. பஞ்சாப்காரனுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது.

இதற்கு ஒரு மாற்று உண்டு. ஆனி முடிவதற்குள் புதுவீட்டில் பால் காய்ச்சிப் பொங்கவிட்டுவிட்டால், குடி போனதாகக் கணக்கு. சாமான் பின்னால் ஆடியில் போனாலும் குற்றமில்லை. மாரிச்செல்விதான் யோசனை சொன்னாள். லூதியானா வீட்டில் இம்மானுவேல் பாலை வைக்கட்டும், நாம் போனில் பார்த்துக்கொண்டே இங்கிருந்து சாமி கும்பிட்டுக்கொள்வோம், துணைக்கு இங்கேயும் என் அடுப்பில் ஒரு பானை ஏற்றுவோம் என்றாள். ஏன் உங்கள் அடுப்பில், ஏன் ராஜபாளையத்து வீட்டு அடுப்பில் இல்லை என்று அனுசியா கேட்டாள். மூத்த பெண் கை படாமல் எந்த நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று மாரிச்செல்வி திருப்பிக் கேட்டாள். காளிராஜ் இரண்டு பேருக்கும் தலையாட்டினான். 

ஆனி கடைசி முகூர்த்தத்தில் மாரிச்செல்வியின் அடுப்படியில் கூடினார்கள். அவள் புருஷன் ஆண்டிச்சாமி பால்கோவா போடுகிறவர். வில்லிபுத்தூரில் அந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சட்டியில் பால் ஏறுவதைக் கண்ணால் கண்டுவிட்டால் கை தானாகக் கரண்டிக்குப் போகும். பொங்கி வழிந்த பால் அவர்களுக்கு நஷ்டம், அவமானமும்கூட. ஆண்டிச்சாமியின் அடுப்படியில் அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு வழிந்ததில்லை என்று தெருவே சொல்லும். செம்புப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு எல்லாரும் காளிராஜின் போனைச் சுற்றி நின்றார்கள். போனுக்குள் லூதியானாவில் இம்மானுவேலின் பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. பொங்கப் போகிற நொடியில் ஆண்டிச்சாமி தன்னை மறந்து கத்தினார்: “ஏலே, பொங்கப் போவுதுலே! கிண்டு, கிண்டு! தீயக் கொறை!” அந்தக் குரலுக்குப் பயந்து இம்மானுவேல் கரண்டியை விட்டுக் கிண்டி கேஸையும் அணைத்துவிட்டான். லூதியானாப் பால் வந்த வழியே இறங்கிப்போயிற்று. அதே நேரத்தில் இவர்களுடைய முதுகுக்குப் பின்னால், யாரும் பார்க்காத செம்புப் பானை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வாசனை வந்ததும் மாரிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். பால் பொங்கினால் குலவை போட வேண்டும் என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. போட்டுவிட்டாள்.

அந்தப் பாலில் சீனி போட்டு ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்தார்கள். அனுசியா குடிப்பதுபோலப் புறக்கடைக்குப் போய் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். புருஷன் வீட்டார் கையால் வாங்கும் பாலில் வசிய மருந்து வைத்திருப்பார்கள், குடித்தவர் அந்த வாசலைத் தாண்ட மாட்டார் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆண்டிச்சாமி வேண்டுமென்றேதான் கத்தினார் என்று அனுசியா சொன்னாள். பழக்கதோஷம் என்று அவர் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். இன்றுவரை ஊர் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறது. இதை எழுதுகிறவனுக்கு ஆண்டிச்சாமியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும், அந்த மனிதருக்குச் சதி செய்கிற அளவுக்குச் சுறுசுறுப்பு கிடையாது.

கிரைண்டருக்குப் பின்னால் பீரோ போனது. பிறகு கட்டில், வாஷிங் மெஷின், குக்கர், அனுசியாவின் அம்மா வீட்டில் பெயர் வெட்டிக் கொடுத்த பாத்திரங்கள். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தச் சாமானும் போகவில்லை. கண் சற்று விலகினால் போதும். குழாயை மூடிவிட்டுத் திரும்பினால் குடம் இருக்காது. வில்லிபுத்தூரில் அவை கண்ட இடத்தில் விழவில்லை. ஒரு குடும்பத்தாள் யோசித்து அடுக்கியதுபோல, பீரோ சுவரோரமும் கட்டில் ஜன்னலோரமும் போய் நின்றன. மாரிச்செல்விக்கு நடக்க இடமில்லாமல் போயிற்று. “ஏட்டி அனுசியா, எங்க வீடு என்ன ஒங்க குடோனா? லாரி வாடகைய மிச்சம் பிடிக்க நாந்தான் கெடச்சனா?” என்று போனில் கத்தினாள். “எம் பாத்திரத்தையெல்லாம் ஆள விட்டுத் தூக்கிட்டுப் போயிட்டு எங்கிட்டயே கேக்கியளா மதினி?” என்று அனுசியா கத்தினாள். அனுசியாவின் கணக்கு எளிமையானது. தன்னை மறுபடியும் அந்த அடுப்படியில் விட்டுவிட்டுப் போகப் போகிறார்கள், அதற்கு முன்னோட்டமாகச் சாமானைக் கடத்துகிறார்கள். காளிராஜ் வேலைக்குப் போகும்போது அவன் பின்னாலேயே மில் வாசல் வரை போய்ப் பார்த்தாள். வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மாமீதும் சந்தேகம் வந்தது. அந்தம்மா தன் வீட்டில் இருந்த சட்டிபானைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, எங்க சாமான் போவாதுல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

வேறு வழியில்லாமல் அப்துல் ரவூபின் லாரியை மாரிச்செல்வி வீட்டு வாசலுக்கே வரச் சொல்லி ஏற்றினார்கள். ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டம் சேர ஆரம்பித்த சமயம், லாரி தெருவை விட்டு வெளியேறவே மதியமாயிற்று. மதுரை ரோட்டில் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதும் வண்டி திடீரென்று லேசாகிவிட்டதாக டிரைவர் உணர்ந்திருக்கிறான். ஓரங்கட்டிப் பார்த்தால் தார்ப்பாய் கட்டியபடி இருந்தது, ஒரு முடிச்சு அவிழவில்லை, உள்ளே ஒன்றுமில்லை. சாமான் எல்லாம் மாரிச்செல்வி வீட்டில் பழைய இடங்களில் இருந்தது. நஷ்டஈடு கேட்க இந்தக் குடும்பம் போடுகிற நாடகம் என்று நினைத்து அப்துல் ரவூப் கோபமாகத்தான் கிளம்பி வந்தார். வந்தவர் அடுப்படியைப் பார்த்தார், பால் வழிந்து கருகிய அடுப்பைப் பார்த்தார், நடந்ததையெல்லாம் முதலிலிருந்து கேட்டார். தாடியைத் தடவிக்கொண்டார். “தங்கச்சி, சாமான் தொலையல. போவ வேண்டிய வீட்டுக்குத்தான் போயிருக்கு. ஒங்க ஆளுகளுக்கு எத்தன வீடு மாத்திக் கொடுத்திருக்கேன். பால் பொங்காம ஒரு துடப்பத்தக்கூட உள்ள எறக்க விடமாட்டாவ. எங்க பொங்குச்சோ அதான வீடு? நீங்க லூதியானாவுல போயி ஒரு தடவ பொங்க வைங்க, பொறவு என் லாரியே தேவப்படாது” என்றார். தன் பிழைப்புக்கே எதிராகப் பேசுகிற லாரிக்காரரை அனுசியா அதுவரை பார்த்ததில்லை. இவரும் கூட்டு என்று முடிவு செய்தாள். இம்மானுவேல் மறுநாளே அங்கே தன் கையால் ஒரு லிட்டரைப் பொங்கவிட்டுப் பார்த்தான். குடும்பத்தாள் கை இல்லாததால் எறும்பு மட்டும் வந்தது.

ஆக, சாமானை விட்டுவிட்டு ஆள் போவது, ஆவணி பிறந்ததும் அங்கே பால் பொங்குவது என்று தீர்மானமாயிற்று. இருவரும் ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். எதிரெதிர் ஜன்னல் சீட்டு. பக்கத்துப் பக்கத்து சீட்டு கிடைக்கவில்லை என்பதற்கே அனுசியா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். ஏறியதும் அவனுக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். வண்டி வில்லிபுத்தூரில் நின்றபோது, பொடியும் எண்ணெயும் ஒட்டிய கையைக் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இலையில் ஒரு இட்லி பாதி பிய்ந்து கிடந்தது. சீட்டுக்கு அடியில் அவன் செருப்பு இருந்தது. ஆளில்லை.

போன் வந்தது. “சத்தியமா நா எறங்கலட்டி. ஸ்டேஷன் தாண்டி வண்டி வேகம் எடுத்திருச்சு. இட்லிய வாயில வச்சேன், கண்ண மூடித் தொறந்தா இங்க அக்கா அடுப்படியில நிக்கேன்.” மாரிச்செல்வி போனைப் பிடுங்கி, “மெல்லுத வாயோட நிக்கான், நா கண்ணால பாத்தேன்” என்றாள். “அக்காளும் தம்பியும் நல்லா ஒத்திக பாத்திருக்கிய” என்று சொல்லிவிட்டு அனுசியா போனை அணைத்தாள். கிரைண்டர் போகலாம், பீரோ போகலாம், அதற்குக்கூட ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். புருஷன் ஓடுகிற ரயிலிலிருந்து தானாகப் போனான் என்பதை எந்தப் பெண் நம்புவாள்? வண்டி நின்ற நேரத்தில் இறங்கியிருக்கிறான். நம்பவைக்கச் செருப்பை விட்டுப் போயிருக்கிறான். குஜராத்துக்குப் போனபோது தனியாகப் போனவன், இப்போது அவளைத் தனியாக அனுப்பிவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். சிவகாசியில் வண்டி நின்றது. அங்கே இறங்கினால் அடுத்த பஸ்ஸில் வில்லிபுத்தூர், அதே அடுப்படி, அதே கரண்டி. பையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை வந்தாள். வெளியே பார்த்தாள். வண்டி கிளம்பியதும் திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்து, விருதுநகர் வரைக்கும் வாய்விட்டு அழுதாள். பிறகு மிச்ச இட்லியைச் சாப்பிட்டாள். சென்னையில் வண்டி மாறி, மூன்றாம் நாள் லூதியானாவில் தனியாகப் போய் இறங்கினாள்.

காளிராஜுக்காகச் சில நாள் பொறுத்துப் பார்த்த மில், அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்ல வந்தவர்களிடம் அனுசியா, தனக்கு நூல் டெஸ்டிங் தெரியும் என்றாள். லேபில் ஆள் தேவைப்பட்டது. ஒரு மாதத்தில் அந்த வீடு அவள் பெயருக்கே மாறியது. ஒரு பாய், ஒரு பக்கெட், இம்மானுவேலின் மனைவி கொடுத்த அடுப்பும் இரண்டு பாத்திரமும் தவிர அங்கே ஒன்றுமில்லை. பேசினால் எதிரொலித்தது. வேலை விட்டு வந்து அந்த வெறுந்தரையில் காலை நீட்டி உட்காரும்போது, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆவணி பிறந்தது. காளிராஜ் தினமும் போன் செய்தான். “ஒரு செம்பு பால வையி அனு. பொங்குனா வந்துருதேன்.” அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: “நீங்களா எறங்குனியளா, எறங்கலயான்னு எனக்குத் தெரியணும். அது தெரியாம பால் வைக்க மாட்டேன்.” தெரிந்துகொள்வது எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை. காப்பிக்குப் பால் வைக்கும்போதெல்லாம், நுரை ஏறியதும் கேஸை அணைத்தாள். இப்போது சந்தேகம் இந்தப் பக்கம் திரும்பியது. அங்கே அவளுக்கு என்னவோ பிடித்துப்போயிருக்கிறது, யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று காளிராஜ் அக்காவிடம் புலம்பினான். இம்மானுவேலுக்குத் தனியாகப் போன் போட்டு வேவு கேட்டான். தானாகவே போய்விடலாம் என்று மதுரைப் பஸ்ஸில் எத்தனையோ முறை ஏறினான். ஒவ்வொரு முறையும் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதும் அடுப்படியில் நின்றான். நாளடைவில் கண்டக்டர்கள் அவனுக்குக் கிருஷ்ணன்கோவில் வரைக்கும்தான் டிக்கெட் கொடுத்தார்கள். அதற்கு மேல் வாங்குவது அநியாயம் என்பது அவர்கள் கட்சி. மற்ற நேரங்களில் மச்சானோடு சேர்ந்து பால் கிண்டினான். அவன் உள்ளங்கையிலும் காய்ப்பு விழுந்தது. அதைப் பார்த்த அன்று அவன் அனுசியாவுக்குப் போன் செய்தபோது பாலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

தைப் பொங்கலுக்கு அனுசியா லீவு போட்டு ஊருக்கு வந்தாள். மாரிச்செல்வி வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்று, “கெளம்புங்க, மதுர வரைக்கும் போயிட்டு வருவோம்” என்றாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, தான் வழியை அடைத்து உட்கார்ந்தாள். அவனுடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவர்கள் அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பல வருஷமாயிற்று. கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கினார்கள். அனுசியா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை இமைக்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். பஸ் கிளம்பியது. அவன் கை வேர்த்தது. “பயமா இருக்குட்டி” என்றான். “நா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள். கடைசி டீக்கடையைத் தாண்டியதும் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் ஒன்றோடொன்று மூடிக்கொண்டன. நடுவில் கை இல்லை. உள்ளங்கையில் அவனுடைய வேர்வை இருந்தது. அவன் உட்கார்ந்து அழுந்தியிருந்த சீட்டு மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

அனுசியாவுக்குத் தாங்கவில்லை. அழுகையும் சிரிப்புமாகப் பொத்துக்கொண்டு வந்தது. கூடையோடு நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணின் புடவையைப் பிடித்து, “அவிய எறங்கல! எறங்கவே இல்ல! நா பாத்தேன்!” என்றாள். “இந்த ரூட்டுல இவருக்கு எப்பவும் இப்பிடித்தாம்மா” என்று சொல்லிவிட்டு, “சீட்டு இனி காலிதான?” என்று கேட்டு அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அவள் லூதியானா திரும்பிய பின் வந்த முதல் நல்ல நாளில், காலையில் பாலை அடுப்பில் ஏற்றினாள். நுரை விளிம்புக்கு வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. தனியாகவே குலவை போட்டாள். பக்கத்து வீட்டு சர்தார்ஜியின் வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று வடக்கே கடும் பனிமூட்டம், டெல்லியிலிருந்து வரும் ரயில்கள் எல்லாம் மணிக்கணக்கில் தாமதம் என்று செய்தியில் சொன்னார்கள். காளிராஜ் தாமதமில்லாமல் வந்து சேர்ந்தான். சாமான்கள் அந்த வாரத்துக்குள் வந்தன, அவனுக்கும் பக்கத்து மில் ஒன்றில் வேலை கிடைத்தது. அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில் அவன் லுங்கியும் பனியனுமாக, கையில் கோவாக் கரண்டியோடு, எதிரொலிக்கிற அந்த வெறும் வீட்டின் நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றான். என்ன கேட்பாளோ என்று பதில்களை எல்லாம் தயாராக வைத்திருந்தான். அனுசியா தன் மேலிருந்த சால்வையை எடுத்து அவன் மேல் போர்த்தி, “குளிருதா?” என்று மட்டும் கேட்டாள்.